படகுக்கு வைத்த மஞ்சள்

என் வீட்டுக்காரருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். எனக்கு அதற்கும் மேலே வரும். கல்யாணமான முதல் இரண்டு வருடமும் தோட்டத்து லயத்தில், சுவரை ஒட்டிய பக்கத்து வீட்டாருக்கு எங்களைக் கேட்பதுதான் பொழுதுபோக்கு. நாங்கள் சண்டை போடாமல் சேர்ந்து செய்த முதல் வேலை என்று பார்த்தால், தோட்டத்து மோட்டார் படகைத் தேய்த்ததுதான். அதிலும் கடைசியில் சண்டை வந்தது.

எங்கள் தோட்டம் கோல சிலாங்கூர்ப் பக்கம், ஆற்றங்கரையில் இருந்தது. அக்கரைப் பிரிவுக்கும் டவுனுக்கும் துரை போய்வர ஒரு மரப்படகு உண்டு. அதை ஓட்டியவர் இவர். அதற்கு முன்பு ரப்பர் மரம் சீவியவர்தான். அவருக்குக் கொடுத்திருந்த மரங்கள் சதுப்புக் காட்டை ஒட்டிய கடைசி வரிசையில் இருந்தன. அவசரகாலம் தொடங்கிய பிறகு, அரசாங்கத்தோடு சண்டை போட்டுக் காட்டில் ஒளிந்திருந்தவர்கள் அந்த வரிசையில் ஒரு மண்டோரை, வேலை வாங்கும் கங்காணியை, சுட்டுப் போட்டிருந்தார்கள். இவருக்குப் படகு வேலை கிடைத்த அன்று நான் மாரியம்மன் கோயிலில் உட்கார்ந்து அழுதேன், சந்தோஷத்தில்.

அந்தப் படகுக்கு வந்தது கேடு. படகு கட்டும் ஜெட்டித் துறையில் கூரை கிடையாது. வெயிலும் உப்புக்காற்றும் பட்டு, வெள்ளைப் பெயிண்டு மினுமினுப்பு செத்து, தொட்டால் மாவாக ஒட்டியது. கம்பெனியிலிருந்து வந்த ஒரு பெரிய மனிதர் அதில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டு எழுந்தார். கறுப்புக் கால்சட்டையின் பின்பக்கம் முழுக்க வெள்ளை. துரைக்கு அவமானம். மறுநாள் விடுமுறைக்கு மலைக்குக் கிளம்பும்போது இவரிடம் சொன்னார்:

"படகா இது, சுண்ணாம்புச் சுவரா? நான் திரும்பி வந்து வித்துடுவேன். நீ மரம் சீவப் போ."

துரை திரும்பி வரப் பத்து நாள் இருந்தது. இவர் அன்று ராத்திரி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை.

"பெயிண்டு போகலை புள்ள. மேல்தோலுதான் செத்திருக்கு. அதை எடுத்துட்டா அடியில நல்லாத்தான் இருக்கும்."

"அப்ப எடுங்க. சோத்தை எதுக்குப் பிசையிறீங்க?"

மதியம் என் புல்வெட்டு வேலை முடிந்ததும் நானும் ஜெட்டிக்குப் போனேன். லயத்தைச் சுற்றிய முள்கம்பி வேலிக் கதவை ஆறு மணிக்குச் சாத்திவிடுவார்கள், அதற்குள் திரும்ப வேண்டும். தேய்ந்துபோன நைசு உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, சாண் அகலம் சாண் அகலமாகத் தேய்த்தோம். பால்போல வெள்ளைத் தண்ணீர் வழியும். அதைத் துடைத்தால் அடியில் கெட்டியான வெள்ளை தெரியும். அழுத்தித் தேய்த்தால் மரம் வந்துவிடும், பெயிண்டு அவ்வளவு மெலிசு. "மெதுவா, மெதுவா" என்று அவர் சொல்லிக்கொண்டே இருப்பார். வீட்டில் ஒரு நாளும் அந்தக் குரலில் என்னிடம் பேசியதில்லை. எனக்கு அது பிடித்திருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்வதில் வெட்கம் இல்லை.

ஆறு நாளில் தேய்த்து முடித்தோம். இனி மெழுகு போட வேண்டும். ஆபீஸ் கணக்குப் பார்க்கும் பெரிய கிராணி தன் காருக்கு வைத்திருந்த மெழுகு டின்னைக் கொடுத்திருந்தார். அன்று ஆயுத பூஜை. லோரிக்கும் மரம் சீவும் பால்கத்திக்கும் எல்லாம் மஞ்சள் சந்தனம் வைக்கிற நாளில், நம் சோற்றுக்கு வழியான படகை மட்டும் சும்மா விடலாமா? பொரி, கடலை, இரண்டு வாழைப்பழம், மஞ்சள்தூள் எல்லாம் ஒரு தட்டில் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கேட்டில் நின்ற மலாய்க் காவலர் தட்டைக் கிளறினார். காட்டில் இருப்பவர்களுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாது என்பதால், தின்கிற பொருள் எதுவும் வேலியைத் தாண்டக் கூடாது. "தா போலே", கூடாது என்று தலையை ஆட்டிவிட்டுப் பொரியையும் கடலையையும் பழத்தையும் எடுத்து வைத்துக்கொண்டார். மஞ்சளை மட்டும் முகர்ந்து பார்த்துவிட்டு விட்டார்.

வெறும் மஞ்சளோடு சாமி முன்னால் நிற்க எனக்கு மனசு கேட்கவில்லை. பொரி கடலை இல்லாத குறைக்கும் சேர்த்து மஞ்சளைக் குழைத்து, படகின் மூக்கில், ஜெட்டியைப் பார்த்த பக்கம், தட்டு அகலத்துக்கு மூன்று வட்டம் அப்பினேன். அவர் அப்போது எஞ்சினுக்கு எண்ணெய் வாங்க ஸ்டோருக்குப் போயிருந்தார்.

மறுநாள் துடைத்தால் போகவில்லை. தோல் உரித்த பெயிண்டு மஞ்சளைக் குடித்துவிட்டிருந்தது. அவர் துணிச்சோப்பைப் போட்டுத் தேய்த்தார். மூன்று வட்டமும் சிவந்து, இரத்தம்போல வழிந்தது. ஜெட்டிக் காவலர் துப்பாக்கியோடு ஓடி வந்தார். தண்ணீர் ஊற்றியதும் மறுபடி மஞ்சள்.

"மெழுகு போடுற வரைக்கும் உன்னால பொறுக்க முடியலையா? யாரு கேட்டா உன் பூஜையை? கொண்டா உப்புத்தாளை."

"தேய்ச்சா மரம் வந்துரும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அப்ப காட்டோரம் போயி மரம் சீவட்டுமா?"

என்னால்தான் அவர் அந்த வரிசைக்குத் திரும்பப் போகிறார் என்று நினைத்து வீடு வரை அழுதேன். முகம் கழுவி முந்தானையில் துடைக்கும்போதுதான் மூளை வேலை செய்தது. தினமும் மஞ்சள் பூசிக் குளிக்கிறேன், முந்தானையெல்லாம் கறையாகிறது. கொடியில் வெயிலில் போட்டால் சாயங்காலம் வெளுத்துவிடுகிறது.

"படகைத் திருப்பிக் கட்டுங்க. கறை இருக்கிற பக்கம் ஆத்தைப் பார்த்து இருக்கட்டும், ஜெட்டி நிழல் விழாது. வெயிலு தின்னுரும்."

அவர் நம்பவில்லை. ஆனாலும் திருப்பிக் கட்டினார். வியாழக்கிழமை முழுக்க மழை. சனிக்கிழமை துரை வருகிறார். நான் வானத்தைத் திட்டாத திட்டில்லை.

வெள்ளிக்கிழமை வெயில் கொளுத்தியது. புல்வெட்டில் நான் குனிந்த இடத்தில் முதுகு எரிந்தது, எரியட்டும் என்று இருந்தேன். மதியம் ஓடிப் போய்ப் பார்த்தபோது இரண்டு வட்டம் இருந்த இடம் தெரியவில்லை. மூன்றாவது இருந்த இடத்தில், படகு ஜெட்டியில் உரசாமல் இருக்கக் கட்டுகிற ஒரு பழைய டயர் தொங்கியது. ஆற்றுப் பக்கம் உரச என்ன இருக்கிறது என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை, அவ்வளவு சந்தோஷம். இருட்டுவதற்குள் இரண்டு பேரும் மெழுகு போட்டுத் துணியால் தேய்த்தோம், டயர் இருந்த இடத்தை அவரே பார்த்துக்கொண்டார். என் முகம் அதில் தெரிந்தது.

சனிக்கிழமை காலை அவர் படகைப் பழையபடி திருப்பிக் கட்டினார். துரை வந்து வெள்ளைக் கைக்குட்டையால் ஒரு கோடு இழுத்தாராம். விரித்துப் பார்த்தாராம். பிறகு ஏறி உட்கார்ந்து, "டவுனுக்கு" என்றாராம். அந்த ஒரு சொல்லை இவர் எனக்கு நாலு தடவை சொல்லிக் காட்டினார்.

அன்று சாயங்காலம் ஜெட்டிக்குப் போன நான், மூன்றாவது இடத்தையும் பார்த்துவிடலாம் என்று டயரைத் தூக்கினேன். மெழுகுக்கு அடியில் மஞ்சள் வட்டம், நான் வைத்த அன்று இருந்தது மாதிரியே பளிச்சென்று இருந்தது.

"ஐயையோ, இது போகவே இல்லையே. டயரு மறைச்சிருச்சு."

அவர் எஞ்சின் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"மறைக்கத்தான் கட்டுனேன். வெயிலு வந்ததுமே."

"எதுக்கு?"

"மூணையும் அழிச்சுப்புட்டு எந்தத் தைரியத்துல ஆத்துல போறது? டயரை விடு, யாராச்சும் பார்க்கப் போறாங்க."