சானிடைசர் மேல் போடாத பழி

கையில் பிளாஸ்டிக் குப்பியோடு கழிவறை வாசலில் நின்றபோதுதான் லேப்காரருக்கு அந்தக் குழந்தை நல டாக்டரோடு ஒழுங்கான அறிமுகமே ஏற்பட்டது. அதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை, ரிப்போர்ட் தாமதமென்று டாக்டர் அவர் முகத்திலேயே காகிதத்தை விட்டெறிந்திருக்கிறார். அன்றைக்கும் போதைதான்.

பிறகொரு நாள் அதே மாதிரிப் போதையில் ஒரு பச்சைக் குழந்தைக்கு மருந்தைப் பத்து மடங்காக எழுதிவிட்டார். நர்ஸ் கண்ணில் பட்டதால் பிள்ளை பிழைத்தது. ஓராண்டு குடிக்காமல் இருந்து காட்டினால் மறுபடியும் வைத்தியம் பார்க்கலாம், அதுவரை தலைமை மருத்துவரான பெரிய மேடத்தின் பின்னால் வார்டில் சும்மா நிற்கலாம் என்றது மருத்துவமனை நிர்வாகம். வாரம் இரண்டு நாள் சிறுநீர்ப் பரிசோதனை. டாக்டர் குப்பியை நிரப்புவதை நின்று பார்ப்பது லேப்காரர் வேலை.

"கதவைச் சாத்தாதீங்க சார். ரூல்ஸ்."

"தெரியும்ப்பா."

"குழாயைத் திறந்துவிடவா? சில பேருக்கு அந்தச் சத்தம் கேட்டாத்தான் வரும்."

எத்தனையோ பிள்ளைகளிடம் 'உச்சா போ கண்ணா' என்று கெஞ்சிய மனிதருக்கு நாற்பத்தாறு வயதில் காது மடல் சுட்டது.

பதினோராவது மாதம் ரிசல்ட் சொதப்பியது. தாளை மேலே அனுப்பாமல் லேப்காரர் அவரைத் தனியாகக் கூப்பிட்டார்.

"லேசாத்தான் காட்டுது சார். சானிடைசர் அதிகமா போட்டாக்கூட இப்படி வரும். ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்க, பெரிய மேடம் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

டாக்டருக்கு அந்தக் காரணம் புதிதில்லை. ஞாயிறு மத்தியானம், பழைய எக்ஸ்ரே உறைகளுக்குள் ஒளித்திருந்த பாட்டிலில் இரண்டு மடக்கு குடித்த கையோடு அவர் யோசித்து வைத்த காரணமே அதுதான். திங்கள் காலை எல்லார் கண்ணெதிரிலும் முழங்கை வரை சானிடைசரைத் தேய்த்தார். "என்ன சார், குளிக்கிறீங்களா?" என்று நர்ஸ் சிரிக்க, அவரும் கூடச் சிரித்தார்.

இப்போது லேப்காரர் அதையே மனதார நம்பிக்கொண்டு பேனாவை நீட்டுகிறார். டாக்டர் வாங்கி எழுத ஆரம்பித்தார்.

"நீங்க மறுபடி தொடுற ஆளு இல்ல சார். எனக்குத் தெரியாதா?"

கை நின்றுவிட்டது.

"நான் குடிச்சேன்ப்பா."

"சார், மெதுவா பேசுங்க..."

"குடிச்சுட்டுத்தான் அதைப் பூசிக்கிட்டேன். நாலு பேர் பாக்கணும்னே பூசினேன்."

லேப்காரர் குப்பிகளை ஒவ்வொன்றாக நகர்த்தி வைத்தார். பிறகு, "அப்ப என்னையும் சேத்துத்தான் முட்டாளாக்கப் பாத்தீங்க," என்றார். அதில் 'சார்' இல்லை.

"ஆமா."

எழுதியதைக் கிழித்துப் போட்டு, நடந்ததை எழுதி, தானே பெரிய மேடத்தின் மேசையில் கொண்டுபோய் வைத்தார் டாக்டர். நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பதினோரு மாதமும் வீணாய்ப் போயின.

இப்போது அவர் அதே மருத்துவமனையின் கோப்பு அறையில் பழைய கேஸ் தாள்களை அடுக்கும் வேலையில் இருக்கிறார். வார்டுக்குள் போக அனுமதியில்லை. குடிக்காமல் ஐந்து மாதம் ஆகிறது. லேப்காரர் அவரோடு தேவைக்கு மேல் பேசுவதில்லை.