பிரேக் அக்காவின் மாத்திரை

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் எல்லோரும் அவளை "பிரேக் அக்கா" என்றுதான் கூப்பிடுவார்கள். கார் பழகுகிறவர்களின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் தனி பிரேக்கை மிதித்து எத்தனையோ பேரைக் காப்பாற்றியவள். "கிளட்ச்சை ஏன் சார் இந்த மிதி மிதிக்கிறீங்க, அது உங்களுக்கு என்ன பாவம் பண்ணுச்சு?" என்று கேட்டால் கை நடுங்குகிறவனும் சிரித்துவிடுவான்.

அவளுக்கு மனச்சோர்வு இருப்பது டாக்டரையும் மருந்துக்கடைக்காரரையும் விட்டால் தங்கைக்கு மட்டும்தான் தெரியும். மாத்திரை போட்டால் எழுந்து தலை வாரிக்கொள்ள முடியும். போடாவிட்டால் சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருப்பாள். திடீரென்று மாத்திரை விலை ஏறியது. பாதியாக உடைத்துப் போட ஆரம்பித்தாள்.

"அக்கா, பல்லுகூட விளக்காம உக்காந்திருக்கே. மாத்திரை போடறியா இல்லையா?"

"போட்டுக்கிட்டுத்தான்டி இருக்கேன், கொசுறு மாதிரி."

தங்கையின் சம்பளம் வாடகைக்கே சரியாகப் போய்விடும். மருந்துக்கடைக்காரர் ஓர் அறக்கட்டளையைக் கைகாட்டினார். அங்கிருந்த அம்மா பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டார். "மாசாமாசம் மருந்து நாங்களே தர்றோம்மா. சம்பளம் எவ்வளவுன்னு உங்க வேலை இடத்துல மட்டும் போன்ல கேட்டுக்குவோம்."

"கேக்காம முடியாதாங்கம்மா? நான் பாக்கறது கார் ஓட்டற வேலை."

"எல்லாருக்கும் ஒரே விதிதாம்மா. என்ன வியாதின்னு சொல்ல மாட்டோம்."

வேறு வழி தெரியாமல் தலையாட்டினாள். சொன்னபடி அவர்கள் வியாதியைச் சொல்லவில்லை. ஆனால் அறக்கட்டளையின் பெயரிலேயே 'மனநலம்' இருந்தது.

முதலாளி கெட்டவர் இல்லை. "உன் நல்லதுக்குத்தாம்மா சொல்றேன். ஏதாவது ஒண்ணு ஆயிட்டா நான் யாருக்குப் பதில் சொல்றது? கொஞ்ச நாள் ஆபீஸ்ல போன் எடு" என்றார். சம்பளம் பாதியானது.

"மாத்திரை சரியா போடாதப்பதான் சார் பயப்பட்டிருக்கணும். இப்பதான்..." என்று ஆரம்பித்தாள். அவர் முகத்தில் இருந்த இரக்கத்தைப் பார்த்ததும் கார் சாவியை மேசைமேல் வைத்தாள்.

அறக்கட்டளை அம்மாவிடம் போய் நின்றாள். "நான் நல்லா இருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்களேன்." அது டாக்டர் சொல்ல வேண்டியது என்றார் அவர். டாக்டர் எழுதியே கொடுத்தார். முதலாளி அதைப் படித்து, மடித்து, "பாக்கலாம்மா" என்றார். அந்த வாரமே அவள் இருக்கைக்கு வேறோர் ஆள் வந்துவிட்டான்.

மருந்து தவறாமல் வருகிறது. குறைந்த சம்பளத்தை ஈடுகட்ட, தங்கை ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போகிறாள். சத்தம் வராமல் கதவைச் சாத்திவிட்டுப் போகிறாள், அக்கா தூங்குகிறாள் என்று நினைத்து.