கரவனுக்குள் கொதித்த பற்றரி

காரின் பின்னால் கொழுவி இழுத்துப்போகும் பழைய கரவன் வண்டி ஒன்று, ஸ்ட்ரெதமில் எங்கள் வீட்டு முன்றலில் நிற்கிறது. கடற்கரைப் பயணத்துக்காக என் கணவர், வீட்டுக்குள்ளிருந்து வயர் இழுத்து, அதன் பற்றரியைச் சார்ஜரில் போட்டிருந்தார். ஒரு வாரமாகியும் கழற்றவில்லை. கூடச் சார்ஜ் ஏறினால் நல்லதுதானே என்று இருவரும் நினைத்தோம்.

அன்று திரைச்சீலை மாட்ட உள்ளே போனேன். மழை அடித்ததால் கதவைச் சாத்தினேன். சிறிது நேரத்தில் அழுகிய முட்டை நாற்றம் வந்தது. இருக்கைப் பலகையைத் தூக்கிப் பார்த்தேன். பற்றரி பக்கவாட்டில் வீங்கியிருந்தது. உள்ளே கொதிக்கும் சத்தம் கேட்டது. வெளியே ஓடப் போனால், கதவின் கைப்பிடி சும்மா சுற்றியது. யன்னல் கொக்கியும் துருவேறி அசைய மறுத்தது. கண் எரிந்தது. வயரைப் பிடுங்கக் கை நீட்டியபடியே, "இஞ்சருங்கோ!" என்று கத்தினேன்.

யன்னலில் கணவரின் முகம் தெரிந்தது. "வயரைத் தொடாதையும்! ஒரு பொறி பறந்தாலே பற்றரியிலையிருந்து வாற காஸ் வெடிக்கும். வீட்டுக்குள்ளை பிளக்கை நிப்பாட்டிப்போட்டு வாறன்!"

"எனக்கு மூச்சுவிட ஏலாமக் கிடக்கு!"

அவர் ஓடிவிட்டார். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, கதவோடு ஒட்டி நின்றேன். அவ்வளவு சிறிய இடமாக அந்த வண்டி எனக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை. அவர் திரும்பி வந்து வெளியிலிருந்து இரண்டு கையாலும் இழுக்க, கதவு கீலோடு கழன்றது. மழைக்குள் நின்று மூச்சு வாங்கினேன்.

பற்றரி நிறைந்தபிறகும் எங்கள் பழைய சார்ஜர் நிற்காமல் ஏற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. இப்போது நிறைந்ததும் தானாக நிற்கும் சார்ஜர் வைத்திருக்கிறோம். அது சார்ஜ் ஏற்றும்போது, கொக்கி மாற்றிய யன்னல்கள் திறந்திருக்கும். கதவைத் திரும்ப மாட்டி, புதுக் கைப்பிடியும் போட்டாயிற்று. ஆனாலும் உள்ளே போனால் நான் அதைச் சாத்துவதில்லை.