கூப்பிட்டால் உள்ளே போங்கள்

அவரை முதலில் பார்த்தது விடுதியின் சாப்பாட்டு அறையில். அங்கே வரவேற்பு மேசையில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அது. காலைப் பலகாரம் முடிந்து தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். விமானத்திலிருந்து இறங்கி இன்னும் தூக்கம் கலையாத வெளிநாட்டுக் கூட்டம் ஒன்றின் முன்னால், மடக்கிய மஞ்சள் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நடுத்தர வயதுப் பெண் ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். கைகள் இரண்டும் காற்றில் படம் வரைந்தன. காபி ஆறிப்போனதுகூடத் தெரியாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"யாருங்க இது?" என்று பரிமாறுகிறவரிடம் கேட்டதற்கு, "மஞ்சக்குடையைத் தெரியாதா? காலேஜ்ல இதெல்லாம் சொல்லித் தர மாட்டாங்களோ?" என்று நறுக்கென்று ஒரு குத்துக் குத்திவிட்டுப் போனார்.

மஞ்சக்குடை என்பது அந்த வழிகாட்டிக்கு ஊர் வைத்த பெயர். கடைத்தெருவில் எத்தனை நெரிசல் இருந்தாலும் அந்தக் குடையை அவர் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்தால் போதும், அவருடைய ஆட்கள் பின்னாலேயே வந்துவிடுவார்கள். வேனை ஓட்டுவது அவர் புருஷன். இரண்டு பேரும் ஒரே சுற்றுலா நிறுவனத்தில் வேலை. "ரோட்டுல நான் ஓட்டுறேன், மத்த இடத்துல எல்லாம் அவ ஓட்டுறா" என்பது டிரைவரின் நிரந்தர நகைச்சுவை. அதற்கு மனைவி ஒருநாளும் சிரித்ததில்லை.

கழுத்தில் நீல நாடாவில் தொங்கும் வழிகாட்டி அட்டைதான் மஞ்சக்குடையின் உயிர். ஏதோ ஒரு அலுவலகக் கேன்டீனில் பாத்திரம் கழுவிய அப்பாவின் மகள். அருங்காட்சியக வாசலில் டிக்கெட் கிழித்துக்கொண்டே, வருகிறவர்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டு மொழி கற்றுக்கொண்டவர். வழிகாட்டி உரிமத் தேர்வில் தோற்று, மறுபடி எழுதி, மறுபடி தோற்று, கடைசியில் வாங்கிய அட்டை. குளிக்கப் போகும்போதுகூட அதை ஆணியில் மாட்டிவிட்டு ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் போவாராம்.

வருகிற கூட்டத்துக்கெல்லாம் முதல் நாள் காலையில் ஓர் அறிமுகப் பேச்சு உண்டு. இந்த நாட்டு மக்கள் எப்படி, விழாக்கள் எப்படி, எங்கே செருப்பைக் கழற்ற வேண்டும், எங்கே குரலைத் தாழ்த்த வேண்டும் என்று. அதற்கு நிறுவனமே ஒரு தாள் அச்சடித்துக் கொடுத்திருந்தது. தாள் முழுக்க 'வேண்டாம்'தான். வெளித் தண்ணீர் வேண்டாம். பேரம் பேசத் தெரியாமல் வாங்க வேண்டாம். முன்பின் தெரியாதவர் வீட்டுக்குள் போக வேண்டாம்.

அந்தக் கடைசி வேண்டாமைத்தான் அவரால் வாயில் வைக்க முடியவில்லை. சின்ன வயதில் கேன்டீன் பின்கட்டு வழியாக வழி தவறி வந்த வெளிநாட்டுத் தம்பதிக்கு அவருடைய அம்மா ஒரு தம்ளர் தண்ணீர் நீட்டினாள். அவர்கள் கையிலிருந்த ஏதோ தாளைப் பார்த்தார்கள், ஒருவரை ஒருவர் பார்த்தார்கள், கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிட்டார்கள். அம்மா நீட்டிய கை நீட்டியபடியே நின்றது.

அதனால் வழிகாட்டி தாளை மாற்றிச் சொல்வார். "யாராவது உள்ளே வாங்கன்னு கூப்பிட்டா போங்க. கொடுக்கிறதைச் சாப்பிடுங்க. முக்கியமா, அங்கே உட்கார்ந்துக்கிட்டு கடிகாரத்தைப் பார்க்காதீங்க. எப்போ கிளம்பலாம்னு முகத்தில் காட்டுறது கூப்பிட்டவங்களை அடிக்கிற மாதிரி." அவர்கள் மொழியில் இதைச் சொல்லும்போது அவர் குரலே வேறாகிவிடும். ஊருக்குத் திரும்பியவர்கள் இணையத்தில் பாராட்டி எழுதுவதெல்லாம் இந்த வீட்டு விருந்துகளைப் பற்றித்தான். நிறுவன முதலாளிக்கும் விஷயம் தெரியும். பாராட்டு வருகிறவரை அவர் காதில் எதுவும் விழாது.

டிரைவர்தான் முணுமுணுப்பார். "ஏம்மா, ஒருநாள் இந்தப் பேச்சு உன்னை நல்லா மாட்டிவிடப் போகுது பாரு."

"உங்க வாய்ல நல்லதே வராதா?"

"நல்லதைச் சொன்னா மட்டும் கேக்கறியா?"

அந்த வருடம் ஊர்த் திருவிழாவன்று வந்த கூட்டத்துக்கும் காலையில் அதே பேச்சுதான். அன்று சாயங்காலம் பெரிய ஊர்வலம். எந்தக் கடை மாடியில் நின்று பார்ப்பது, எந்த நேரத்தில் ஊர்வலம் வரும் என்பதையெல்லாம் சொன்னவர், ஒன்றை விட்டுவிட்டார். மற்ற நாள் பேச்சு வேறு, விழா நாள் பேச்சு வேறு என்பது அவருக்குத் தோன்றவில்லை. ஊர்வலம் வரும்போது சந்துகளையெல்லாம் போலீஸ் கயிறு கட்டி அடைத்துவிடும். உள்ளே போனவர் வெளியே வர முடியாது. அன்றைக்கு மட்டும் யார் கூப்பிட்டாலும் போகாதீர்கள் என்ற ஒரு வரி, அவர் வாயிலிருந்து வரவேயில்லை.

துணிக்கடை மாடிப்படியில் ஏறும்போது தலைகளை எண்ணினார். ஒரு தலை குறைந்தது. மறுபடி எண்ணினார். கூட்டத்தின் பின்னாலிருந்து ஓர் அம்மா கத்தினாள். அவளுடைய மகளைக் காணவில்லை.

பள்ளிப் படிப்பை அப்போதுதான் முடித்த பெண். நீலச் சட்டை. சந்து முனை வரைக்கும் அம்மாவின் பின்னாலேயே வந்தவள். அவள் செல்போன் வேனில் சார்ஜில் கிடந்தது. தெருவில் தாளம் காதைப் பிளந்துகொண்டிருந்தது. கயிறு கட்டியாகிவிட்டது.

வழிகாட்டி கூட்டத்தை மாடியில் டிரைவரின் பொறுப்பில் விட்டுவிட்டு, கயிற்றுக்கு அடியில் குனிந்து சந்துக்குள் நுழைந்தார். பெண்ணின் அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினாள். ஒவ்வொரு கடையாகக் கேட்டார். நீலச் சட்டை, இவ்வளவு உயரம். பூட்டுக் கடைக்காரர் யோசித்தார். "வெளிநாட்டுப் பொண்ணுதானே? ஒரு பையன் பேசிக்கிட்டே கூட்டிட்டுப் போனானே."

இவ்வளவுதான் அவர் சொன்னது. அடுத்த கடைக்குப் போவதற்குள் அது "கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனான்" ஆகிவிட்டது. சந்து திரும்பும்போது "இழுத்துட்டுப் போனான்" ஆகியிருந்தது. பின்னால் ஆட்கள் சேர்ந்துகொண்டே வந்தார்கள். யாரோ போலீஸைக் கூப்பிட்டிருந்தார்கள். வழிகாட்டியின் கைப்பையில் செல்போன் அடித்தது. முதலாளி.

"என்ன நடக்குது அங்க? மாடியில இருந்து ஒருத்தர் எனக்கு போன் பண்ணிச் சொல்ற அளவுக்கு ஆயிடுச்சா?"

"தேடிக்கிட்டு இருக்கேன் சார்."

"இந்த மாசம் உன் அட்டையைப் புதுப்பிக்கணும், ஞாபகம் இருக்கா? என் கையெழுத்து இல்லாம அது நகராது. கம்பெனி பேரு எதுலயும் வரக்கூடாது. லைன்லயே இரு."

போனைக் கையில் பிடித்தபடியே ஓடினார். அந்தப் பெண்ணுக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்ற நினைப்பை அவர் முடிக்கவே விடவில்லை. பாதியிலேயே வெட்டிவிட்டு நடந்தார். அது மறுபடி மறுபடி தலை தூக்கியது.

சந்தின் கடைக்கோடியில் ஒரு வீட்டின் முன்னால் கும்பல் நின்றது. பச்சைக் கதவு, உள்பக்கம் தாழிட்டிருந்தது. உதைக்கிற உதையில் கதவு அதிர்ந்தது. இன்ஸ்பெக்டர் வந்து கும்பலை விலக்கி, லத்தியால் கதவைத் தட்டினார்.

திறந்தவன் ஏசி மெக்கானிக். இருபதைத் தாண்டாத பையன். சட்டைப் பையில் ஸ்க்ரூடிரைவர். "என்ன சார்?" என்று கேட்டு முடிப்பதற்குள் அவன் வாயில் ஒரு குத்து விழுந்தது. யார் குத்தியது என்று யாருக்கும் தெரியாது. காலரைப் பிடித்து வெளியே இழுத்தார்கள். உதட்டிலிருந்து ரத்தம் சட்டையில் சொட்டியது.

வழிகாட்டி அவனைத் தாண்டி உள்ளே பார்த்தார். ஒற்றை அறை. மூலையில் தையல் மெஷின். தரையில் சம்மணம் போட்டு அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். முன்னால் தட்டு. தட்டில் இரண்டாவது முறை பரிமாறியது பாதி தீர்ந்திருந்தது. பக்கத்தில் அறுந்த வாரைத் தைத்து முடித்த செருப்பும், மிஞ்சிய தடித்த நூலும் கிடந்தன. மெக்கானிக்கின் அம்மா, தையல்காரம்மா, விரல்களில் பிடித்த ஊசியோடு எழுந்து நின்றுகொண்டிருந்தாள்.

உயிர் இருக்கிறது. ஒன்றும் ஆகவில்லை. வழிகாட்டி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"செருப்புய்யா! செருப்பு அறுந்துபோய் நொண்டிக்கிட்டு நின்னுச்சு, எம்புள்ள கூட்டிட்டு வந்து தைச்சுக் குடுங்கன்னான்!" தையல்காரம்மாவின் குரல் தாளத்துக்கு மேலே கேட்டது. "கும்பலா வருதேன்னு கதவைச் சாத்தினோம். இதுக்கு அடிக்கிறீங்களே, உங்களுக்கெல்லாம் புள்ள குட்டி இல்லையா?"

யாரும் கேட்கிற நிலையில் இல்லை. பெண்ணின் அம்மா மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள், பிறகு உலுக்கினாள், பிறகு மெக்கானிக்கைப் பார்த்துக் கத்தினாள். கும்பலுக்கு அவள் மொழி புரியவில்லை. கை நீட்டியது மட்டும் புரிந்தது. "ஜீப்ல ஏத்துங்க சார்!" என்று ஒரு குரல் வந்தது. இன்ஸ்பெக்டர் பையனின் தோளில் கை வைத்தார். பிறகு வழிகாட்டியின் பக்கம் திரும்பினார்.

"நீங்கதான் கைடா? சொல்லுங்க. இந்தப் பொண்ணு தானா வந்துச்சா, இவன் கூட்டிட்டு வந்தானா?"

போனிலிருந்து முதலாளியின் குரல், மெதுவாக, அழகாக, பாடம் சொல்வது போல. "பையன் கூட்டிட்டுப் போனான்னு சொல்லு. அவ்வளவுதான். அது பொய்யும் இல்லையே. மிச்சத்தை நான் பார்த்துக்கறேன். உனக்கு ஒண்ணும் வராது."

பொய்யில்லைதான். பையன் கூட்டிக்கொண்டு போனான். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டால் நீல நாடா கழுத்திலேயே இருக்கும். பையனை ஒரு ராத்திரி ஸ்டேஷனில் வைத்து, மறுநாள் விட்டுவிடுவார்கள். விடாமலும் போகலாம். டிரைவர் அதற்குள் கும்பலைப் பிளந்துகொண்டு வந்து நின்றிருந்தார். மூச்சு வாங்கியது. கூட்டத்தை யாரிடம் விட்டார் என்று கேட்கக்கூட வழிகாட்டிக்குத் தோன்றவில்லை. புருஷன் முகத்தைப் பார்த்தார். அந்த முகம் எதையும் தடுக்கவில்லை.

வழிகாட்டி போனை அணைத்துப் பையில் போட்டார்.

"கூட்டிட்டுத்தான் வந்தான் சார். யாராவது கூப்பிட்டா போகணும், குடுக்கிறதைச் சாப்பிடணும், அவசரப்படக் கூடாதுன்னு இந்தப் பொண்ணுக்குச் சொன்னது நான். இன்னைக்குக் காலையில. கூட்டத்துல இருக்கிற யாரை வேணா கேளுங்க."

"உங்க கம்பெனி அப்படியா சொல்லச் சொல்லுது?"

தப்பிக்க இன்னொரு வாசல் அது. முதலாளிக்கும் தெரியும் சார் என்று ஒரு வார்த்தை போதும். "கம்பெனி போகாதேன்னு அச்சடிச்சே குடுத்திருக்கு. நான்தான் மாத்திச் சொல்றேன். விழா நாள்ல சந்துகளை அடைப்பாங்கன்னு எனக்குத் தெரியும். அதைச் சொல்லாம விட்டேன். பையன் மேல ஒரு தப்பும் இல்ல. விட்டுடுங்க."

நீலச் சட்டைப் பெண் அம்மாவின் பிடியிலிருந்து விலகி, இன்ஸ்பெக்டருக்குப் புரிகிற மாதிரி ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி, ஆமாம், இவர்தான் சொன்னார் என்றாள். அவள் அதை நன்றியோடுதான் சொன்னாள். ஆனால் அவளுடைய அம்மாவின் கண்கள் அந்த நொடியில் பையனை விட்டு வழிகாட்டியின் மேல் வந்து நின்றன. இனி அவை நகரப் போவதில்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

இன்ஸ்பெக்டர் பையனின் தோளிலிருந்து கையை எடுத்தார். கும்பல் சுவாரசியம் போய்க் கலைந்தது. டிரைவர் கைக்குட்டையை எடுத்து மெக்கானிக்கிடம் நீட்டினார். அவன் வாங்கிக்கொள்ளவில்லை.

வழிகாட்டி தையல்காரம்மாவிடம் போனார். "அக்கா, மன்னிச்சுக்கங்க. என்னால வந்தது."

"மன்னிக்கிறதுக்கு என்ன இருக்கு? எம்புள்ள வாயி கிழிஞ்சது கிழிஞ்சதுதான்." அந்தம்மா பெண்ணின் இரண்டு செருப்பையும் எடுத்து வாசலில் வைத்தாள். "நீங்க நல்லதுக்குத்தான் சொல்லியிருப்பீங்க. ஆனா எங்களைக் கேட்டீங்களா? இனிமே யாரையும் இந்தப் பக்கம் அனுப்பாதீங்கம்மா."

கதவு சாத்தப்பட்டது. அந்தச் சத்தம்தான் மற்ற எல்லாவற்றையும்விட அவரை அடித்தது. அம்மாவின் தம்ளருக்காகத்தான் இத்தனை காலம் பேசியதாக அவர் நினைத்திருந்தார். தம்ளரை நீட்டுகிறவர்கள் கதவைச் சாத்தவும் வேண்டியிருக்கும் என்று அவர் யோசித்துப் பார்த்ததே இல்லை.

இருவரும் வேனுக்கு நடந்தார்கள். "நான் அப்பவே சொன்னேன்னு சொல்ல மாட்டேன்" என்றார் டிரைவர்.

"சொல்லிட்டீங்களே."

"சொல்லிட்டேன்ல?" என்றார். பிறகு, "முதலாளியை ஏன் விட்டுட்ட? அந்தாளுக்கும் தெரியும்தானே?" என்று கேட்டார்.

"அந்தாளு பேச்சையா நான் பேசினேன்? என் பேச்சைத்தானே பேசினேன்."

பெண்ணின் அம்மாவிடமிருந்து சுற்றுலாத் துறைக்குப் புகார் போனது. முதலாளி, தான் அச்சடித்த தாளை எடுத்து மேசைமேல் வைத்தார். தாளில் தெளிவாகத்தான் எழுதியிருந்தது. அட்டை புதுப்பிக்கப்படவில்லை. மனைவியை வெளியே அனுப்பிய நிறுவனத்தில் புருஷனுக்கும் வேன் சாவி கிடைக்கவில்லை. விடுதிச் சாப்பாட்டு அறையில் இப்போது வேறொருவர் வந்து அந்தத் தாளை எழுத்து மாறாமல் படிக்கிறார். கூட்டம் காபி குடித்துக்கொண்டே கேட்கிறது.

மஞ்சக்குடை இப்போது ரயில் நிலையத்தில் பயணிகளின் பெட்டிகளைப் பத்திரப்படுத்தும் அறையில் பகல் ஷிப்டு பார்க்கிறார். டிரைவர் பள்ளி வேன் ஓட்டுகிறார். மனைவி வழிகாட்டி உரிமத்துக்கு மறுபடி விண்ணப்பித்திருக்கிறார். தேர்வுத் தேதி இன்னும் அறிவிக்கப்படவில்லை.