கொடும்பாவிக்குக் கூலிங்கிளாஸ்

வைக்கோல் முகத்தில் மாட்டியிருந்த அந்தக் கூலிங்கிளாஸை நினைத்தால் இப்போதும் எனக்கு முதலில் சிரிப்புத்தான் வருகிறது. ஒரு பக்கத்துக் காது ஒடிந்து, நூலால் கட்டியிருந்தது. மழை பொய்த்தால் எங்கள் பக்கத்தில் கொடும்பாவி கட்டி இழுப்பார்கள். ஊரில் ஒரு பெரும் பாவி இருப்பதால்தான் வானம் பெய்யவில்லை என்று, அந்தப் பாவியை வைக்கோலில் செய்து, கயிறு கட்டித் தெருத்தெருவாக இழுத்து, பெண்கள் சுற்றி உட்கார்ந்து மாரடித்து அழுது, ஏரிக்கரையில் கொள்ளி வைப்பார்கள். பொய்ச் சாவுதானே, அழுகையில் பாதி வசவு, பாதி கேலி. அன்று யார் யாரை என்ன சொன்னாலும் கோபித்துக்கொள்ளக் கூடாது என்பது ஊர்க்கட்டு.

அந்த ஒப்பாரியை எடுத்துக் கொடுப்பவள் என் ஓரகத்தி, என் கணவரின் அண்ணன் மனைவி. அக்கா என்றுதான் கூப்பிடுவேன். எழுபதுகளின் கடைசியில் நான் அந்த வீட்டுக்கு மருமகளாகப் போனபோது, மாமியார் வீட்டில் எனக்கு இருந்த ஒரே ஆறுதல் அவள் வாய்தான். களை எடுக்கும்போது வரப்பில் டிரான்சிஸ்டர் செய்தி வாசிக்கும். குனிந்த தலை நிமிராமல் அவள் பதில் சொல்லுவாள். "தில்லிலேர்ந்து வறுமைய தொரத்திக்கினு கீறாங்களாம். அது எங்கடி போவும்? சாலவாக்கம் பஸ்ஸ புடிச்சி இங்கதான் வந்து எறங்கும்." ஆட்சி மாறிய அன்று ஊரே வெடி வெடித்தது. "நம்ம வூட்டு அடுப்பு மட்டும் இன்னும் பழைய கட்சிலதான் கீது," என்றாள். ஓட்டுக் கேட்க வந்த சினிமாக்காரரைப் பார்க்க நாங்கள் எல்லாரும் முண்டியடித்து ஓடினோம். திரும்பி வந்தபோது அவள் கேட்டாள்: "படத்துல ஒரே பாட்டுல பணக்காரனாவறாரே, அந்தப் பாட்ட நம்ம ஏரிக்கரைல ஒரு தபா பாடச் சொல்லக் கூடாதா?" இப்போது டிவியில் கோட்டுப் போட்டுக்கொண்டு மணிக்கணக்கில் விவாதிக்கிறார்கள். அவளுடைய ஒரு வாக்கியத்துக்கு உறை போடக் காணாது.

மழை பொய்த்த அந்தக் கூலிங்கிளாஸ் வருஷம் அவள் நிலைமை மோசம். பனையிலிருந்து விழுந்து இடுப்பு போய், அவள் புருஷன் படுத்த படுக்கை. இரண்டு பிள்ளைகள். ஊர் பால்வாடியில் சமையல்காரி வேலை ஒன்று காலியாக இருந்தது. அது யாருக்கு என்று முடிவு செய்பவர் தலைவர். எங்கள் ஊரில் தலைவர் என்றால் அவர் ஒருவர்தான். எந்தக் கட்சி ஆண்டாலும் ஜீப் அவர் வீட்டு வாசலில் நிற்கும். அக்கா அவரைப் போய்ப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வந்திருந்தாள்.

இந்த நேரத்தில்தான் கொடும்பாவி கட்டினார்கள். "நம்ம ஊரு கொடும்பாவி கந்தல் கட்டிக்கினு போனா எனக்கு அசிங்கம்," என்று தலைவர் தன் பழைய கரைவேட்டியையும், சட்டையையும், கூலிங்கிளாஸையும் கொடுத்தனுப்பினார். பெருந்தன்மை என்று நினைத்தாரோ என்னவோ. உடுத்திப் பார்த்தால் வைக்கோலில் தலைவரே உட்கார்ந்திருந்தார். ஊருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மாமியார் மட்டும் சிரிக்கவில்லை. "இன்னிக்கி ஒரு நாளு வாயக் கட்டுடி. அந்தாளு கைலதான் உன் சோறு கீது," என்று அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். அக்கா தலையை ஆட்டிவிட்டுத்தான் போனாள்.

போய், உட்கார்ந்து, அந்தக் கண்ணாடியை ஒரு தடவை பார்த்தாள். அவ்வளவுதான்.

"ரோடு போட வந்த மவராசா, ரோட்டோரம் கல்லக் கொட்டிட்டுப் போனியே! அந்தக் கல்லு வேவுமான்னு எம் புள்ளைங்க கேக்குதுங்களே! மாலைக்குக் குனிஞ்ச தல, மதகு பாக்கக் குனியலியே!"

மாரடித்துக்கொண்டிருந்த நாங்கள் சிரித்துச் சிரித்துச் சாய்ந்துவிட்டோம். பிறகுதான் பயம் வந்தது. கூட்டத்தோடு நின்றுகொண்டிருந்த தலைவரை எல்லாரும் பார்த்தோம். அவர் தோள் துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரித்ததில் வந்த கண்ணீர். "இன்னொரு தபா பாடும்மா!" என்றார்.

மழையும் பெய்தது, வேலையும் கிடைத்தது. ஆர்டரை அவரே வீடு தேடி வந்து கொடுத்தார். மாமியார் தெருவுக்கே சர்க்கரை கொடுத்தாள். எவ்வளவு பெரிய மனசு என்று ஊர் புகழ்ந்தது. நானும்தான் புகழ்ந்தேன். வாய் இருந்தும் பிழைத்துக்கொண்டாளே என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

வாயை மூடு என்று அவர் ஒரு நாளும் அவளிடம் சொன்னதில்லை. அதைச் சொல்லியாக வேண்டும். பால்வாடி பார்க்க அதிகாரிகள் வந்தால், "இந்தம்மா வாய்க்கு நான்கூட தப்பல சார்," என்று பெருமையாகக் காட்டுவார். அக்கா கரண்டியோடு நின்று சிரிப்பாள். லீவு நாளில் எங்களோடு களைக்கு வந்தாள். ரேடியோவில் ஏதோ ஒரு மந்திரி ஏதோ ஒரு வாக்குறுதி கொடுத்துக்கொண்டிருந்தார். "இன்னாக்கா சொல்ற?" என்று ஆவலோடு கேட்டேன். "அவங்கவங்களுக்கு ஆயிரம் கஷ்டம் இருக்கும்டி," என்றாள். எனக்குத் திக்கென்றது. அவள் பிள்ளைகள் அப்போது சதை போட்டிருந்தன. நல்ல சட்டை போட்டுப் பள்ளிக்கூடம் போயின. இதில் நான் குறை சொல்ல என்ன இருக்கிறது?

சில வருஷம் கழித்து மறுபடி மழை இல்லை. ஏரி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ரோட்டோரக் கல் அப்படியே இருந்தது, மேலே முள் முளைத்திருந்தது. கொடும்பாவி கட்டினோம். தலைவர் இந்தத் தடவை புது வேட்டியே கொடுத்து, முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். "பாடும்மா, என்ன வுடாத!" என்றார். நிஜமாகவே ஆசையாகத்தான் கேட்டார்.

அக்கா தலைமயிரை அவிழ்த்து விட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். நாங்கள் சுற்றி உட்கார்ந்து, சிரிப்பதற்குத் தயாராக அவள் வாயையே பார்த்தோம். அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். உதடு துடித்தது. அவளுக்குள் ஒன்று எழும்பி வருவது எனக்குத் தெரிந்தது.

"மானத்த நம்புன மவராசா, மண்ணாப் போனியே," என்றாள். எந்தச் சாவிலும், எந்தப் பெண்ணும் பாடும் அடி. அடுத்த அடியும் அப்படித்தான். அதற்கடுத்ததும்.

தலைவரின் முகம் விழுந்துவிட்டது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டார். அக்கா நிறுத்தவில்லை, பாடிக்கொண்டே இருந்தாள். அவள் தோளைக் கட்டிக்கொண்டு நானும் மாரில் அடித்துக்கொண்டேன். அந்த வருஷம் வைக்கோல் பொம்மையைச் சுற்றி நாங்கள் நிஜமாகவே அழுதோம்.