மைனி மலையில் வைத்த செட்

அண்ணன் உயிரோடு கரை சேர்ந்த அன்று மைனி அழவில்லை. அண்ணனின் இடுப்பில் செருகியிருந்த வாக்கி டாக்கியை உருவி, ஈரத்தைத் துணியால் ஒற்றி, மேசைமேல் வைத்து மூடியைக் கழற்றினார். மாயாபந்தர் பஜாரில் மொபைல் ரிப்பேர் கடை நடத்துபவர் அவர். அண்ணன் மனைவியை மைனி என்று அழைப்பது, குமரிக் கடற்கரையிலிருந்து எங்கள் அப்பா இந்தத் தீவுக்குக் கொண்டுவந்த வழக்கம். வீட்டில் மற்றவர்களெல்லாம் அண்ணனுக்குக் கஞ்சி கொடுப்பதிலும் ஜெபமாலை சொல்வதிலும் இருந்தார்கள். மைனி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என்னிடம், "செட்டுல ஒரு கேடும் இல்ல தம்பி. நடுவுல மலைதான் மறிச்சிட்டு நிக்கி" என்றார்.

மேற்குக் கடலில் இன்ஜின் நின்றுபோய், நீரோட்டத்தில் இழுபட்டு, பேட்டரி தீரும்வரை அண்ணன் கூப்பிட்டிருக்கிறார். கிழக்குக் கரையில் இன்னொரு செட்டைக் காதோடு வைத்துக்கொண்டு மைனி உட்கார்ந்திருந்தார். ஒரு கரகரப்புகூட வரவில்லை. மறுநாள் தற்செயலாக அந்தப் பக்கம் போன சரக்குப் படகு ஒன்றுதான் அவர் படகைக் கட்டி இழுத்துவந்தது. அந்தத் தற்செயல் என்ற சொல்லை மைனியால் பொறுக்க முடியவில்லை.

மலை உச்சியில் இரண்டு வாக்கி டாக்கிகளை வைப்பது என்று முடிவு செய்தார். ஒன்று படகிலிருந்து வரும் குரலைக் கேட்கும். அதன் ஒலியை ஒரு கம்பி வழியாக வாங்கி, இன்னொன்று வேறு அலைவரிசையில் கரைக்குச் சொல்லும். கரையில் பேசுவது படகுக்குப் போகவும் அதே வழிதான். அனுமதிக்காக போர்ட் பிளேருக்குப் பலமுறை பஸ் ஏறினார். அது கைக்கு வந்த பிறகுதான், வயரிங் வேலை செய்யும் என்னைக் கூப்பிட்டார்.

முதல் முயற்சி படுதோல்வி. ஒரே பெட்டியில் அருகருகே வைத்திருந்ததால், ஒரு செட் பேச ஆரம்பித்ததும் மற்றதற்குக் காது அடைத்துப்போனது. அட்டை கடித்த கால்களோடு இறங்கினோம். அடுத்த முறை மலைமுகட்டின் இரு கோடிகளில் இரண்டையும் தள்ளித்தள்ளி வைத்து, நடுவே நீளமாகக் கம்பி இழுத்தோம். கம்பி இரைச்சலைச் சேர்த்துக் கொண்டுவந்தது. கம்பியை மாற்றினோம். குரல் தெளிந்த வாரமே மழை பிடித்துக்கொண்டது. செட்டுகளுக்கு மின்சாரம் தரும் சூரியத் தகடு சோர்ந்தது. பெட்டிக்குள் எறும்பு குடியேறியது. விட்டுவிடலாம் என்று நான் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். மைனி எறும்பைத் தட்டிக்கொண்டிருந்தார்.

எல்லாம் சரியான பிறகு, அண்ணனே செட்டைத் தொட மறுத்தார். மேற்கில் கலவா மீன் கிடக்கும் ஒரு பாறையை அவர் கண்டுபிடித்து வைத்திருந்தார். கூடப்பிறந்த எனக்குக்கூட அந்த இடம் தெரியாது. பொதுவில் பேசினால் பெங்காலிகள், தெலுங்குக்காரர்கள் எல்லாரும் கேட்பார்கள், தொழில் போய்விடும் என்றார்.

"மீன் எங்க கெடக்குன்னு சொல்லாண்டாம்" என்றார் மைனி. "நீங்க எங்க கெடக்கியன்னு சொன்னா போதும்."

அண்ணன் செட்டைப் படகில் வைத்துக்கொண்டார். ஆனால் பேசவில்லை. மற்றப் படகுக்காரர்கள் தயங்கித் தயங்கிப் பேசப் பழகினார்கள்.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு மதியம், கடையிலிருந்த செட்டில் ஒரு பெங்காலி மீனவரின் குரல் பதறியது. இன்ஜின் நின்றுவிட்டது, அலை பாறைப் பக்கம் தள்ளுகிறது, கூட மகன் இருக்கிறான் என்று இந்தியில் சொன்னார். மைனி பட்டனை அழுத்தி, "பாஸ் மே கௌன் ஹை?" என்று, பக்கத்தில் யார் இருக்கிறார்கள் எனக் கேட்டார். யாரும் இல்லை போலிருந்தது. மறுபடி கேட்டார். செட் சும்மா இரைந்துகொண்டிருந்தது.

பிறகு அண்ணனின் குரல் வந்தது. தான் பக்கத்தில் இருப்பதாகச் சொல்லி, எந்தத் தீவுக்குத் தெற்கே, எந்தப் பாறையை ஒட்டி நிற்கிறேன் என்று, இதுவரை மறைத்ததையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னார். தமிழில் சொல்லியிருந்தால் எங்கள் ஆட்களுக்கு மட்டும் புரிந்திருக்கும். அந்த மனிதருக்குப் புரியவேண்டுமே என்று இந்தியில், நிறுத்தி நிறுத்திச் சொன்னார். மைனி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போங்க, சீக்கிரம் போங்க" என்று மட்டும் சொன்னார். சாயங்காலம் இரண்டு படகும் ஒரே கயிற்றில் வந்து சேர்ந்தன.

அடுத்த வாரமே அண்ணனின் கலவாப் பாறையைச் சுற்றி நாலைந்து படகுகள் நின்றன. அண்ணன் முணுமுணுத்தார், ஆனால் செட்டை அணைக்கவில்லை.

இப்போது பஜாரில் மொபைல் நன்றாகவே எடுக்கிறது. மலைக்கு அந்தப் பக்கம் அன்று போலவே இன்றும் சிக்னல் ஒன்றும் கிடையாது. வடக்கே இன்னொரு மலையில் இரண்டாவது ஜோடி செட் வைக்க மைனிக்கு அனுமதி வந்திருக்கிறது. நேற்று செட்டைப் பேசவைத்து அதற்கு இடம் பார்க்கப் போனோம். கலவா முன்போல் கிடைப்பதில்லை என்று வழியெல்லாம் புலம்பியபடி, பேட்டரியைத் தோளில் ஏற்றிக்கொண்டு எங்களுக்கு முன்னால் ஏறினார் அண்ணன்.