கொக்கோ இடித்த உலக்கை

என் குசினி அலுமாரியில் ஒரு முழ நீள இரும்பு உலக்கை இருக்கிறது. ஊரிலிருந்து வந்தது. முதலில் மிளகாய் இடித்தது, பிறகு கொக்கோ இடித்தது. ஒரு சனிக்கிழமை ஒருவனின் தோள் எலும்பையும் இடித்தது. இதைச் சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

எண்பதுகளின் நடுவில் பேர்ணுக்குப் பக்கத்துச் சிறு நகரம் ஒன்றில் நானும் என் புருசனும் அகதிகளாக இருந்தோம். ஆஸ்பத்திரிக் குசினியில் என்னோடு சட்டி கழுவியவர் கானாவிலிருந்து வந்த ஒரு மனிதர். கொக்கோ அண்ணை என்று நாங்கள் பெயர் வைத்திருந்தோம். அவருடைய அப்பாவின் தோட்டத்துக் கொக்கோ இந்த நாட்டுக்குத்தான் வந்துகொண்டிருந்தது. ஆனால் அதை விற்க அவருக்கு இங்கே ஒரு மேசை போட இடமில்லை. சந்தை இடமெல்லாம் இந்த நகரத்துக்காரர் பரம்பரையாக வைத்திருந்தது. அப்போது நகரசபையில் இருந்த ஒரு ரீச்சர் எழும்பி, இந்த நகரத்து மாளிகைகள் அடிமைகள் பறித்த பருத்தியாலும் கொக்கோவாலும் எழும்பியவை, ஆபிரிக்கர்களுக்குச் சந்தையில் இடம் கொடுப்பது தானம் இல்லை, எடுத்ததைத் திருப்பிக் கொடுப்பது என்றார். சபையில் சிரிப்பும் கூச்சலும். கடைசியில் ஒரு கோடைக்கு மட்டும் ஒரு கடை போட்டுப் பார்ப்பது என்று முடிவானது. ஒழுங்காக நடந்தால் ஆபிரிக்கருக்கு இடம் கொடுப்பது சட்டமாகும். கடைக்காரர் யார் மீதாவது கை வைத்தால் கடையும் இல்லை, சட்டமும் இல்லை.

என் உரலையும் உலக்கையையும் இரவல் கொடுத்தேன். வறுத்த கொட்டையை அண்ணை சனங்களுக்கு முன்னால் இடிப்பார், வாசத்துக்கே ஆட்கள் வருவார்கள். நான் பக்கத்தில் நின்று பொட்டலம் கட்டுவேன். வந்தவர்களில் சிலர் மேசையில் காறித் துப்பிவிட்டுப் போனார்கள். ஒரு நாள் கொட்டைச் சாக்குக்குள் உடைத்த கண்ணாடி கிடந்தது. நான் கொதிப்பேன். அண்ணை துப்பலைத் துடைத்துவிட்டு, என்னிடம் பழகிய தமிழில் மெல்லச் சொல்வார்: "தங்கச்சி, கை வேண்டாம்."

கோடை முடிகிற நேரம் மூன்று பேர் வந்தார்கள். மழித்த தலை, தடித்த சப்பாத்து. ஒருவன் மேசையைப் புரட்டினான். அண்ணை இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அதைப் பார்த்து அவர்களுக்கு இன்னும் வெறி ஏறியது. முகத்தில் மாறி மாறிக் குத்தினார்கள். மூக்கு உடைந்து இரத்தம் சட்டையெல்லாம் ஒழுகியது. விழும்போது ஊன்றிய வலக்கையை ஒருவன் சப்பாத்துக் காலால் ஏறி மிதித்தான். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. எதிரில் சீஸ் விற்றவர் குனிந்து தன் சீஸை அடுக்கிக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உலக்கையைத் தூக்கி, மிதித்தவனின் தோளில் ஓங்கி ஒரு போடு போட்டேன். அவன் ஊளையிட்டுக்கொண்டு விழுந்தான். அடுத்தவனுக்கு முழங்காலில் கொடுத்தேன். மூன்றாமவன் ஓடிவிட்டான்.

பொலிஸ் வந்து அண்ணைக்குத்தான் விலங்கு போட்டது, அந்த முறிந்த கையில். நான் நெஞ்சில் அடித்து, நான்தான் என்று எனக்குத் தெரிந்த அரைகுறை டொச்சு மொழியில் கத்தினேன். பொலிஸ்காரன் சிரித்தான். அடி வாங்கியவர்களும் கறுப்பன்தான் அடித்தான் என்றார்கள். சேலை கட்டிய பெண்ணிடம் வாங்கினோம் என்று சொல்ல மானம் விடவில்லை.

வீட்டில் இவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "உமக்கென்ன விசரே? எங்களுக்கே இன்னும் விசா இல்லை. பேசாமல் இரும்."

"அந்த மனுசன் கை முறிஞ்சு கிடக்குது. செய்தது நான். நான் வாயைப் பொத்திக்கொண்டு இருக்கிறதோ?"

ரீச்சர் என்னை நகரசபைக்குக் கூட்டிப்போனார். அங்கேயும் ஒருவரும் நம்பவில்லை. இவ்வளவு சின்னப் பெண்ணா என்று தலைவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். ரீச்சர் கூடவே கொண்டுவந்திருந்த உலக்கையை எடுத்து என் கையில் தந்தார். நான் தலைவரின் மேசையில் ஒரே ஒரு போடு போட்டேன். தண்ணீர்க் கிளாஸ் துள்ளி அவர் மடியில் விழுந்தது. அதற்குப் பிறகு யாரும் கேள்வி கேட்கவில்லை. எனக்குத் தண்டம் வந்தது. அடித்தது கடைக்காரர் இல்லை என்றானதால் அண்ணையை விட்டார்கள், கடையும் தப்பியது, சட்டமும் நிறைவேறியது.

ஆனால் அந்தக் கை சரிவரவில்லை. உலக்கையைப் பிடிக்க விரல்கள் மடங்கவில்லை. அதன் பிறகு நான் இடித்தேன், அவர் விற்றார். அவர் போய்ச் சேர்ந்த பிறகு அவருடைய மகள் கடையை நடத்துகிறாள். பக்கத்தில் இன்னும் இரண்டு ஆபிரிக்கர் கடைகள் வந்துவிட்டன. அவள் கேட்டதும் உரலைக் கொடுத்துவிட்டேன், உலக்கையைக் கொடுக்கவில்லை. சனிக்கிழமைகளில் நானே பையில் போட்டு ட்ராமில் கொண்டுபோகிறேன். போன மாதம் அதே ட்ராமில் இரண்டு பொடியன்கள் ஒரு கறுப்புப் பெண்ணைப் பார்த்து அந்தப் பழைய வசைச் சொல்லைச் சொல்லிச் சிரித்தார்கள்.

அதுதான் சட்டம் இருக்கிறதே, இந்த வயதில் ஏன் இதைச் சுமக்கிறீர்கள் என்று அண்ணையின் மகள் கேட்கிறாள். சட்டத்துக்காகத்தான் அவளுடைய அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவளை அப்படி நிற்க நான் விடமாட்டேன்.